ஒண்ட வந்த பிடாரி

1982-இன் முதல் இரண்டு மாதங்களுக்குள் இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன: ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’. இரண்டிலும் கதாநாயகனுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டிலும் கடைசியில் சாவு. அன்று கொட்டகையில் அழுதவர்களில் பலர் இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘பிளட் கேன்சர்’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கொட்டகை இருட்டு முகத்தில் வந்து விழுகிறது. அடுத்த ஆண்டே, 1983 மார்ச்சில், மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் லுக்கேமியா வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு, உடன்பிறந்தவனின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அது. அதற்குப் பாட்டும் இல்லை, படமும் இல்லை. அதனால் யாருக்கும் நினைவில்லை.

இந்த நோயைச் சுற்றி நம்மிடம் இருப்பது வெறும் அறியாமை என்றால் பரவாயில்லை. வேண்டாத இடத்தில் பயமும், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டுத் துணிச்சலும் இருப்பதுதான் சங்கடம்.

“பிளட் கேன்சரா? அப்போ முடிஞ்சுது.”

அது ஒரு நோயின் பெயரல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். லுக்கேமியா, லிம்போமா, மைலோமா என்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் பல பிள்ளைகள். குணமும் வேறு, மருந்தும் வேறு. குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா ஒரு காலத்தில் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோகும். 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்தக் குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்து, நோயை முதன்முதலாகப் பின்வாங்கவைத்தார். அந்த மருந்து வந்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகத சுப்பாராவ் நடத்திய குழுவிடமிருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்த குற்றத்துக்காக அங்கே முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியேறியவர். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் திரும்பி வரும். வசதியுள்ள நாடுகளின் நல்ல மையங்களில் இன்று இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேல் பிழைக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு மஜ்ஜை மாற்றும் வேலையே வருவதில்லை.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவின் கதை இன்னும் விசித்திரம். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வருவது அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். அந்தக் கோளாறை மட்டும் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வரிசையில் நின்றவர்கள், காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சர்க்கரை நோயாளியைப் போல, அவ்வளவுதான். அந்த மருந்துக்கு 2006-இல் காப்புரிமை மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பு உறுதியானது. இந்தியக் கம்பெனிகள் மிகக் குறைந்த விலையில் அதைத் தயாரிக்க முடிவது அதனால்தான்.

“முதுகுத்தண்டுல ஊசி போட்டு உறிஞ்சிடுவாங்க. அப்புறம் எழுந்து நடக்க முடியாது.”

எலும்பு மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு. ஒன்று எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் பஞ்சு. மற்றது மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கட்டு. ‘எலும்பு’, ‘முதுகு’ என்ற இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் காதில் விழுந்துவிடுவதால் வந்த குழப்பம். கொடையாளியிடம் மஜ்ஜை எடுப்பது இடுப்பெலும்பிலிருந்து, மயக்கம் கொடுத்து. குறைந்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். இப்படி எடுப்பதும் இப்போது குறைந்துவருகிறது. ஐந்து நாள் ஊசி போட்டால், மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, இயந்திரம் வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மறு கையில் திருப்பிவிடும். நாலைந்து மணி நேரம். அந்த ஐந்து நாளும் எலும்பு வலி, தலைவலி இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்மை போகும், பிள்ளை பிறக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் கல்லூரி முகாமில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்துக் கொடையாளியாகப் பதிவுசெய்துகொண்டான். இரண்டு வருஷம் கழித்து, எவரோ ஒருவருக்குப் பொருந்துகிறது என்று அழைப்பு வந்தது. “இன்னும் கல்யாணம் ஆகலை, இப்போ எதுக்குடா ஒடம்புல கை வைக்கணும்?” என்றார் அம்மா. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், யாரும் அவருக்கு விளக்கவில்லை. ஆனால் பயம் உண்மையிலேயே இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோயாளிக்குப் புதிய செல்களைச் செலுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே கடுமையான கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்து, அவருடைய சொந்த மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளி ‘வீட்டில் சம்மதிக்கவில்லை’ என்றால், நோயாளிக்குத் திரும்பிப்போக வழி கிடையாது. மறுப்பதானால் முதல் அழைப்பிலேயே மறுத்துவிடுவது உத்தமம்.

“ஒரே ரத்தம்தானே, தம்பி கொடுத்தாப் போச்சு.”

தம்பி பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். ரத்த வகை இங்கே முக்கியமே இல்லை, பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை. ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று, ஆக மொத்தம் பத்து. ஆமாம், இங்கேயும் பத்துப் பொருத்தம்தான். ஜோசியர் பத்துக்கு ஏழு இருந்தால் முடித்துவைத்துவிடுவார். இங்கே பத்துக்கு ஒன்பது என்றாலே கவலை. பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் என்றால் சொந்தத்துக்குள் பொருந்தும் வாய்ப்பு சற்றுக் கூடும். அதற்காக யாரும் சொந்தத்தில் பெண் எடுக்க வேண்டாம்.

வீட்டில் பொருந்தாவிட்டால் ஊரில் தேட வேண்டும். இந்த அடையாளங்கள் மரபுக் குழுவை ஒட்டி வருபவை. டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழருக்குப் பொருத்தமானவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். உலகம் முழுவதும் பதிந்தவர்கள் 4 கோடிக்கு மேல். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி பதிவகம் போன்றவை இருந்தும், இந்தியாவில் பதிந்தவர்கள் சில லட்சங்களே.

“ஆபரேஷன் எத்தனை மணி நேரம்?”

ஆபரேஷனே இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை, ஒரு குழாய். நாளெல்லாம் கோயிலில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாந்துபோவதுண்டு. செல்கள் தாமாகவே வழி தேடி எலும்புக்குள் போய்க் குடியேறும். அவை வேலையைத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

“பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சா நோய் போயிடும்.”

தவறான எண்ணங்களில் ஆழமானது இதுதான், படித்தவர்களிடமும் இருப்பது. புகைந்த மோட்டாரைக் கழற்றி வேறு மோட்டார் பூட்டுவதுபோல. தொடக்கத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் டோனால் தாமஸ் 1957-இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதைப் பற்றி எழுதினார். நூறு நாளைத் தாண்டி ஒருவரும் இல்லை. 1959-இல், அச்சு அசலாக ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை எடுத்து லுக்கேமியா குழந்தைகளுக்குச் செலுத்தினார். இதைவிட நல்ல பொருத்தம் உலகில் கிடையாது. மஜ்ஜை அருமையாகப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் லுக்கேமியாவும் திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தாலும் எங்கோ சில செல்கள் பதுங்கிக்கொள்கின்றன.

அன்னியர் மஜ்ஜையில் வேறு தொல்லை. உள்ளே போன வெள்ளை அணுக்களுக்கு நோயாளியின் உடம்பே அன்னியம். தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். வார்டில் அதை ஜி.வி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1979-இல் சியாட்டிலில் தாமஸின் குழு ஒன்றைக் கவனித்தது: இந்தத் தொல்லைக்கு ஆளானவர்களுக்கு லுக்கேமியா திரும்புவது குறைவாக இருந்தது. ஒத்த இரட்டையரிடம் பெற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் நோய் திரும்புவது அதிகம். 1990-இல் மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்பியவர்களுக்கு, அதே கொடையாளியின் வெள்ளை அணுக்களை மறுபடி செலுத்தினார். நோய் மறைந்தது. நோயை முடிப்பது கீமோ மட்டுமல்ல, வந்து குடியேறிய செல்களும்தான்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று நம் ஊரில் வசவாகச் சொல்வார்கள். இங்கே விரட்டப்பட வேண்டியதே ஊர்ப் பிடாரிதான். ஆனால் வந்த பிடாரிக்கு எல்லை தெரிவதில்லை; ஊரையே எரிக்கப் பார்க்கும். மாற்றுச் சிகிச்சை ஆராய்ச்சியின் அரைநூற்றாண்டு உழைப்பில் பெரும்பகுதி அதற்கு எல்லை கட்டுவதில்தான் போயிருக்கிறது. முதல் சில நாட்களில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் ஊசி அப்படி ஒரு எல்லைக்கல். சுப்பாராவின் மருந்து இங்கே வேறு வேடத்தில் வருகிறது. பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கண்ட வழி இன்னும் துணிச்சலானது. செல்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கடும் மருந்தைக் கொடுப்பார்கள். அந்நேரம் வெறிகொண்டு பெருகும் தாக்குதல் அணுக்கள் அதில் மாளும். ஸ்டெம் செல்கள் அந்த மருந்தை முறிக்கும் நொதியோடு இருப்பதால் தப்பிவிடும். பாதி மட்டும் பொருந்தும் அப்பாவோ அம்மாவோ மகளோ இன்று கொடையாளி ஆக முடிவது இதனால். ‘பொருத்தம் கிடைக்கவில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிய காலம் இதனால்தான் பின்னால் போனது. 1990-இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் கணக்கில் அந்த இரட்டையர் சிகிச்சையின் தோல்விக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

“தொப்புள்கொடியைச் சேமிச்சா பிள்ளைக்குப் பிற்காலத்துல கவலையில்லை.”

இதற்கு வாட்ஸ்அப் வடிவம் ஒன்றும் உண்டு: தாயத்துக்குள் காய்ந்த தொப்புள்கொடியை வைத்த முன்னோர் அப்போதே ஸ்டெம் செல் அறிந்திருந்தார்கள் என்று. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றும் இல்லை. வேண்டியது கொடிக்குள் இருக்கும் ரத்தம். அதைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்க வேண்டும். தாயத்தின் வெப்பநிலை நமக்குத் தெரியும்.

காசு வாங்கும் வங்கிகளின் வாதம் இதைவிட நாகரிகமானது. 1988-இல் பாரிஸில் எலியான் குளூக்மான் தொப்புள்கொடி ரத்தத்தால் ஒரு சிறுவனைக் குணப்படுத்தியது உண்மை. ஆனால் அது அவன் தங்கையின் கொடி ரத்தம், அவனுடையதல்ல. அவனுக்கிருந்ததோ பிறவி ரத்தக் குறைபாடு. அவனுடைய சொந்த ரத்தத்திலும் அதே குறைதான் இருந்திருக்கும். லுக்கேமியாவிலும் பெரும்பாலும் அப்படியே. பின்னாளில் நோய் வந்த குழந்தைகளின், பிறந்தவுடன் எடுத்துக் காயவைத்த ரத்தப் பொட்டுகளை லுக்கேமியா ஆய்வாளர் மெல் கிரீவ்ஸின் குழு ஆராய்ந்தபோது, நோயின் முதல் விதை அன்றே விழுந்திருந்தது பலரில் தெரிந்தது. சொந்தக் கொடி ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் விதையையும் சேர்த்துக் கொடுத்ததாகும். போராட அன்னியப் பிடாரியும் அங்கே இருக்காது. சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவிட்டது. மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று பலகை வைத்திருப்பவர்களைப் பற்றியும் அதன் நெறிமுறை தெளிவு: ரத்த நோய்களைத் தவிர மற்றவை ஆய்வு நிலையில் உள்ளவை, காசுக்கு விற்கக் கூடாது.

“வீட்டுக்கு வந்தாச்சு, இனி பழையபடிதான்.”

பழையபடி இல்லை. ரத்த வகையே கொடையாளியின் வகைக்கு மெல்ல மாறிவிடும். ‘ஓ பாசிட்டிவ்’ என்று ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது பொய்யாகிவிடும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பழைய மஜ்ஜையோடு போயிருக்கும். ஆகவே ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், கக்குவான், போலியோ, டெட்டனஸ் என்று கைக்குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளை வரிசையாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அட்டையில் தேதிகளைக் குறித்து வைத்திருப்பது பெரும்பாலும் மனைவிதான்.