நாற்பது வளைவுகள்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று ஓதாத தமிழ் மாணவர் இலர். ஓதியதைக் கண்ணாற் கண்டவரோ சிலரே. கரூரில் வாழும் குடும்பம் ஒன்று தைத் திங்கள் விடுமுறையில் அக்குறையைப் போக்கிக்கொள்ளக் கருதிற்று. தந்தை, தாய், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், தந்தையைப் பெற்ற மூதாட்டி ஆகிய ஐவரும் தம் சிறிய காரில் புறப்பட்டனர். ஆனைமலையின் மேலுள்ள வால்பாறையே செல்லவேண்டிய ஊர். வேறு மலைகள் பல இருக்க இதனைத் தேர்ந்தமைக்கு மூதாட்டியே காரணர். அவர் அம்மலையில், தேயிலைத் தோட்டம் ஒன்றின் வரிசை வீட்டில் பிறந்தவர். மணமாகிக் கீழே இறங்கியவர் நாற்பது ஆண்டுகளாக மீண்டும் ஏறவில்லை.

இரவு பொள்ளாச்சியில் தங்கி வைகறையிற் கிளம்பினர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். முதற்பகுதி தென்னந்தோப்புகளின் நடுவே செல்லும் சமவெளிச் சாலை. அத்தோப்புகளின் செழுமைக்குக் காரணமான ஆழியாற்று அணை மலையின் அடிவாரத்திலேயே எதிர்ப்படுகிறது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலிற் கலக்கும் ஆறுகளின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம் - ஆழியாற்றுத் திட்டம் காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் அணைகளுள் இதுவும் ஒன்று. காலைப்பனி நீர்ப்பரப்பின்மேல் வெண்பட்டு விரித்தாற்போற் கிடந்தது. சிறுவன் இறங்கி ஓட முயன்றான். தாய் அவன் கையைப் பற்றிக்கொண்டே அணையைக் காட்டினார்.

அணையைக் கடந்ததும் வனத்துறையின் சோதனைச்சாவடி. 2007 ஆம் ஆண்டு முதல் இம்மலைக்காடு புலிகள் காப்பகமாகப் போற்றப்படுகின்றது. காவலர் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் பொருள்கள் உளவா எனத் தேடினார். “வழியிற் குரங்குகளுக்கு ஒன்றும் கொடாதீர்கள், ஐயா” என்று சொல்லி வழிவிட்டார். சிறுவன் மடியில் வாழைப்பழச் சீப்பு ஒன்று இருந்தது. அவன் அதன்மேல் துண்டைப் போர்த்தினான். அதனை ஒருவரும் கவனிக்கவில்லை.

சற்றுத் தொலைவில் ஓர் அருவி உண்டு. நெடுங்காலம் குரங்கருவி என வழங்கிய அதனை இப்பொழுது ‘கவியருவி’ என்று எழுதுகின்றனர். பெயர்ப்பலகையைப் படித்த மகள், “இங்கே எந்தக் கவிஞர் பாடினார், அப்பா?” என வினவினாள். கவி என்னும் சொல்லுக்குக் குரங்கு என்னும் பொருளும் உண்டு என்பதை அவள் அறியாள். பாடிய புலவரைத் தேடி வருவோர் பாறைமேல் அமர்ந்திருக்கும் கவிகளைக் கண்டு திரும்ப வேண்டியதே!

அருவிக்கு அப்பால் ஏற்றம் தொடங்குகிறது. இச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. வளைவுதோறும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கும். செங்குத்தான சரிவில் நேரே ஏறுதல் எந்த வண்டிக்கும் ஆகாது. பாரவண்டியோட்டி மேட்டிற் காளைகளை நேரே செலுத்தாது குறுக்கும் மறுக்குமாக ஏற்றிச் செல்வதைக் கண்டிருப்போம். மலைச்சாலையும் அவ்வாறே வழியின் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கிறது. வளைவின் அப்பால் வருவது கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் ஒவ்வொரு திருப்பத்திலும் தந்தை ஒலி எழுப்பினார். கீழிறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஏறுகின்ற வண்டி இடையில் நின்றுவிட்டால் மீண்டும் அதனைக் கிளப்புதல் அரிது. எதிரே வந்த பேருந்து ஒன்று பாறையோரம் ஒதுங்கி நின்றபோது, தந்தை கையுயர்த்தி நன்றி தெரிவித்துச் சென்றார்.

ஏழாம் வளைவிற் சிறுவனின் முகம் வெளிறிற்று. அவன் அதுகாறும் தமக்கையின் படப்புத்தகத்திற் கண்பதித்திருந்தான். புத்தகம் அசையாமல் இருக்கிறது என்று கண் கூறும். உடல் சுழல்கிறது என்று உட்செவி கூறும். இவ்விரண்டு சாட்சிகளும் முரண்படுங்கால் மூளை தடுமாற, குமட்டல் உண்டாகும். தாய் புத்தகத்தை வாங்கி வைத்துக் கண்ணாடியை இறக்கினார். மூதாட்டி எலுமிச்சம்பழம் ஒன்றை அவன் கையிற் கொடுத்து, “மோந்துகொண்டே தூரத்து மலையைப் பார், கண்ணு” என்றார். எனினும் எட்டாம் வளைவில் வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. நிகழ வேண்டியது நிகழ்ந்தது. முகம் கழுவியபின் அவன் தெளிந்தான்.

ஒன்பதாம் வளைவில் லோம் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் காட்சிமுனை உளது. ஆங்கு நின்று நோக்கின், ஆழியாற்று நீர்த்தேக்கம் கையிலேந்திய கண்ணாடிபோற் சிறுத்துத் தோன்றும். அதற்கப்பால் கொங்கு நாட்டுச் சமவெளி, வானத்தோடு கலக்கும்வரை விரிந்து கிடக்கும். பெரியோர் அக்காட்சியில் ஆழ்ந்திருக்க, மகளே முதலிற் கண்டாள். சாலையோரத்துப் பாறையிற் பழுப்பு நிற விலங்கு ஒன்று நின்றது. அதன் பின்னே முழந்தாள் உயரமும் இல்லாத குட்டி ஒன்று, வழுக்கும் பாறையில் அஞ்சாது தாவியது. அதுவே வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கச் சான்றோர் வருடை எனச் சுட்டியது இதனையே என்பர் அறிஞர். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறு எம்மலையும் இதற்குத் தாயகமன்று. தையும் மாசியும் இதன் ஈற்றுக்காலம். மனிதர் பதினைந்தடித் தொலைவில் நிற்கவும் அத்தாய் ஓடாமல் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த அச்சமின்மை மகளுக்கு மகிழ்ச்சியை அளித்தது. மூதாட்டியோ, “என் சின்ன வயதில் இது ஆளைக் கண்டால் மலையுச்சிக்கு ஓடிவிடும்” என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

அட்டகட்டியை அடைந்தபோது காதுகள் அடைத்தன. உயரம் மிக மிக வெளியிற் காற்றின் அழுத்தம் குறையும். செவியினுள்ளே அடைபட்ட காற்று செவிப்பறையை வெளிநோக்கித் தள்ளும். உமிழ்நீரை விழுங்கினால் தொண்டையிலிருந்து செவிக்குச் செல்லும் சிறுகுழல் திறந்து அழுத்தம் சமமாகும். பிள்ளைகள் இருவரும் விழுங்கி விழுங்கிப் பார்த்து, ‘டப்’ என்று காது திறந்த கணத்திற் சிரித்தனர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பதனை அவர்கள் உடலே உணர்ந்து கம்பளிச் சட்டையைக் கேட்டது. கவர்க்கல் என்னுமிடத்தில் மூடுபனி சாலையை விழுங்கிற்று. தந்தை விளக்குகளைத் தாழ்த்தி ஏற்றிக்கொண்டு, நடைவேகத்தில் வண்டியைச் செலுத்தினார். பனிக்குள் விளக்கை ஓங்கவிட்டால் அதன் ஒளி நம் கண்ணையே வந்து தாக்கும்.

பனி விலகியபோது பச்சை விரிப்பு ஒன்று கண்முன் எழுந்தது. மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு தேயிலை. “பாட்டி, தேயிலை செடியா, மரமா?” என்று கேட்டாள் மகள். “விட்டால் மரம்; வெட்டினால் செடி” என்றார் மூதாட்டி. அதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. கொழுந்து பறிப்பவரின் இடுப்பளவில் நிற்குமாறு ஓயாமல் கவாத்துச் செய்யப்பெறுவதால் அது செடியாய் நிற்கிறது. அங்கே முன்பு இருந்தது மழைக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டனர். வெட்டிய கைகள் தமிழர் கைகள். கங்காணிமார் முன்பணம் கொடுத்து, பஞ்சம் நலிந்த ஊர்களிலிருந்து ஏழை மக்களை மலையேற்றினர். சாலை இல்லாத அக்காலத்தில் அவர்கள் நடந்தே ஏறினர். மலைக்காய்ச்சலுக்கும் அட்டைக்கும் குளிருக்கும் இரையானோர் பலர். மூதாட்டியின் பாட்டனார் அவ்வாறு ஏறியவருள் ஒருவர். இதனை அவர் கதைபோற் கூறவில்லை. சாளரத்தின் வழியே கைநீட்டி, “அந்த மேட்டில்தான் நடந்தார்களாம்” என்று மட்டும் கூறினார்.

காடு முற்றும் அழிந்துவிடவில்லை. தோட்டங்களுக்கிடையே, கடலில் தீவுகள் போல, சிறுசிறு துண்டுகளாக அஃது எஞ்சியுள்ளது. ரொட்டிக்கடை என்னும் சிற்றூரைத் தாண்டி, வால்பாறைக்குச் சிறிது முன்னால் உள்ள புதுத்தோட்டக் காடு அத்தகைய தீவு. பரப்பில் ஒரு சதுரக் கிலோமீட்டரும் இல்லை. அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட சோலைமந்திகள் வாழ்கின்றன. கரிய மேனியும், முகத்தைச் சூழ்ந்த நரைத்த பிடரிமயிரும், நுனியிற் குஞ்சம் தாங்கிய வாலும் உடைமையால் இதனைச் சிங்கவாற்குரங்கு எனவும் கூறுவர். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. காடுகளில் எஞ்சியிருப்பன ஏறத்தாழ 4,000 என மதிப்பிட்டுள்ளனர். ஒருமுறைக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்கு ஆண்டுகள் செல்லும். வெடிப்பலாவின் பூவும் விதையும் தின்று, மரத்தை விட்டு இறங்காமலே வாழ்நாளைக் கழிக்கும் இயல்பினது.

ஆனால் சாலை காட்டை இரண்டாகப் பிளந்தபின், கிளைகள் ஒன்றோடொன்று தொடாத இடங்களில் அது தரையில் இறங்கியே கடக்கவேண்டியிருக்கிறது. வழிப்போக்கர் வீசும் தின்பண்டமும் அதனை இறங்கச் செய்கிறது. இதனை உணர்ந்தோர் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியுள்ளனர். வண்டிகளை மெல்லச் செலுத்தச் சொல்வதற்குக் காவலாட்களையும் நிறுத்தியுள்ளனர்.

அன்றும் ஒருவர் அங்கே நின்று கையசைத்தார். தந்தை வேகத்தைக் குறைத்தார். சாலையோரக் கிளையில் மந்தி ஒன்று அமர்ந்திருந்தது; அதன் வயிற்றோடு குட்டி ஒட்டிக் கிடந்தது. சிறுவன் துண்டை விலக்கினான். பழம் ஒன்றைப் பிய்த்தான். திறந்திருந்த சாளரத்தின் வழியே வீசினான். அது சாலையின் நடுவில் விழுந்தது. இமைக்கும் நேரத்தில் மந்தி குட்டியோடு கீழே குதித்தது. அதே நேரத்தில் வளைவின் மறுபுறமிருந்து பச்சைக் கொழுந்து ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது.

காவலாள் கூவியவாறே சாலையின் நடுவே ஓடினார். பிரேக் கிறீச்சிட்டது. தாய் மகளின் கண்ணைப் பொத்தினார். லாரி நின்றபோது அதன் முன்சக்கரம் பழத்தை அரைத்திருந்தது. சக்கரத்திற்கு ஒரு முழம் அப்பால் மந்தி நின்றது. குட்டி அதன் மயிரை இறுகப் பற்றியிருந்தது. பின் இரண்டும் ஒன்றாய்ப் பாய்ந்து மரத்திலேறி மறைந்தன.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. லாரிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தந்தை இறங்கிச் சென்று மன்னிப்புக் கேட்டார். காவலாளின் கால்கள் இன்னும் நடுங்கின. காட்டு விலங்குகளைக் காக்கும் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தில் சோலைமந்தி முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அவர் வனத்துறைக்குத் தெரிவித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. சாளரத்தின் அருகே வந்து குனிந்து, “தம்பி, தாய் அடிபட்டுச் செத்தாலும் குட்டி கையை விடாது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்” என்றார். சினம் இல்லாத அச்சொற்களைக் கேட்டபின்னரே சிறுவன் அழுதான்.

மரக்கொம்பில் வாழும் குரங்கின் இளமையைக் குட்டி என வழங்கலாம் என்ற தொல்காப்பியர், மகவு, பிள்ளை என்னும் பெயர்களும் அதற்கு உரியன என மரபியலில் வகுத்துள்ளார். நம் வீட்டு மழலைக்கு வைத்த பெயரைக் கொம்பிலுள்ள மழலைக்கும் வைத்த அவ்வழக்கு எப்பொழுது தோன்றியதோ! தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும் அதனைக் கண்டவர் வேறு பெயர் வைத்திருக்கவும் முடியாது.

வால்பாறையில் இருநாள் தங்கினர். மூதாட்டி தாம் பிறந்த வரிசை வீட்டைத் தேடிச் சென்றார். வீடு இருந்தது, வேறு மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் அவரை உள்ளே அழைத்துக் கருப்புத் தேநீர் கொடுத்தனர். அடுப்பு இருந்த மூலையை மட்டும் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாட் காலையில் திரும்பினர். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது மலையோட்டிகளின் பாடம். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடியிழக்கும். தந்தை அவ்வாறே இறங்கலானார். வண்டி புதுத்தோட்டத்தை நெருங்கியது. “அப்பா, மெல்ல!” என்று சிறுவன் முன்கூட்டியே கூவினான். சாளரக் கண்ணாடியைத் தானே உயர்த்தினான். மேலே தொங்குபாலம் மெல்ல ஆடியது. கரிய உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் நடந்து சாலையைக் கடந்தன. மூன்றாவதாகச் சென்ற மந்தியின் வயிற்றில் ஒரு குட்டி இருந்தது. அன்று கண்டது அதுதானோ வேறொன்றோ, யார் அறிவார்? அது மறுபுறத்துக் கிளையைப் பற்றும்வரை தந்தை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். பின்னால் வந்த பேருந்தும் ஒலியெழுப்பாமல் நின்றது.