சொல்லும் உயிரும்

மருத்துவத்தில் ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால் மருத்துவமும் பிறழும். கருவுற்ற பெண்ணொருத்திக்கு மகப்பேற்றுக்கு முன்னரே குருதி வெளிப்படுகிறது எனக் கொள்வோம். ‘குருதிப்போக்கு’ என்பது அறிகுறியின் பெயர், நோயின் பெயரன்று. நோயைக் குறிக்கும் கலைச்சொல்லின் வரையறை, உறுப்பையும் அதில் நேர்ந்த மாற்றத்தையும் ஐயமறச் சுட்டுதல் வேண்டும்.

கருப்பைச் சுவரில் பதிந்து, தொப்புள்கொடி வழியாகச் சேய்க்கு உணவும் உயிர்வளியும் அளிக்கும் உறுப்பு நஞ்சுக்கொடி ஆகும். நிறைமாதத்தில் அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரியால்டோ கொலம்போ, 1559இல் வெளிவந்த தம் நூலில், தட்டையான அப்பத்தைக் குறிக்கும் ‘பிளாசென்டா’ என்னும் இலத்தீன் சொல்லை இதற்குப் பெயராக்கினார். அப்பெயர் உறுப்பின் வடிவத்தைக் காட்டுகிறது. தமிழ்ப்பெயரோ, பேற்றுக்குப்பின் அது உள்ளே தங்கினால் தாய்க்கு விளையும் கேட்டை நினைவூட்டுகிறது.

நஞ்சுக்கொடிப் பிறழ்வுகளுள் மூன்று இன்றியமையாதவை:

1. தாழ்நஞ்சுக்கொடி: நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் பதிந்து, கருப்பை வாயை மூடியிருத்தல். பெரும்பாலும் வலியின்றிக் குருதி வெளிப்படும்.

2. நஞ்சுக்கொடி முன்பிரிவு: உரிய இடத்தில் பதிந்த நஞ்சுக்கொடி, சேய் பிறக்குமுன்னரே சுவரைவிட்டுப் பிரிதல். பெரும்பாலும் வயிற்றுவலியும் கருப்பை இறுக்கமும் தோன்றும்.

3. ஒட்டு நஞ்சுக்கொடி: கருப்பைச் சுவரில் அளவுமீறி ஆழ ஒட்டியதால், பேற்றுக்குப் பின்னும் இயல்பாகப் பிரியாதிருத்தல். முன்னர் அறுவை வழியே மகப்பேறு கண்டவர்க்கு இவ்விடர் மிகுதி.

முதலிரண்டிற்கும் குருதிப்போக்கு பொதுவான அறிகுறி. ஆயினும் தாழ்நஞ்சுக்கொடியில், ஸ்கேன் வழியாக அதன் இடத்தை அறியுமுன் விரலால் உள்ளாய்வு செய்தால் குருதி பெருக்கெடுக்கக்கூடும். முன்பிரிவிலோ, குருதி உள்ளேயே தேங்கி நிற்கலாம். ஆதலால் வெளிப்படும் குருதியின் அளவைக்கொண்டு இடரை மதிப்பிடலாகாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பின் தாய், சேய் ஆகிய இருவர் உயிருக்கும் ஊறு நேரும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மகப்பேற்று நூலொன்றையும் ‘பிரசவ வைத்தியம்’ எனத் தமிழாக்கினார். நோயுற்றவர் மொழியில் மருத்துவம் பேசப்படல் வேண்டும் என்பதை அவர்தம் பணி உணர்த்துகிறது.

தன் உடலில் நேர்வது இன்னதெனத் தாய் தன் மொழியில் அறிவாளாயின், காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடுவாள். கலைச்சொல்லாக்கத்தின் பயன் அதுவே.