சுருங்கிய சொல்லுக்குள் எந்தச் சொல்?

பொந்தியானில் மாலை வேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளிடத்தும் அவர்களைப் பெற்றவர்களிடத்தும் ஆழ வேரூன்றிய அபிப்பிராயம் ஒன்று உண்டு: சொற்களைச் சுருக்கிப் பேசுவது படிப்பில்லாதவர் வழக்கம், அதில் விளையும் அர்த்த மயக்கத்திற்கு விதியே கிடையாது என்பது. 1710-ஆம் ஆண்டிலேயே ஜோனதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' பத்திரிகையில் இச்சுருக்கங்களைக் கடிந்துகொண்டார். எனினும் கற்றவர் நாவில் அவை இன்றளவும் நிலைத்திருக்கின்றன. மலாயில் 'திடாக் ஹெண்டாக்' என்பது 'தாக் நாக்' எனக் குறுகி ஒலிக்கும்போது நம் கடைத்தெருவில் எவரும் மயங்குவதில்லை அல்லவா?

ஒரு சுருக்கம் ஒரே சொல்லைத்தான் குறிக்கும் என்பது அதனினும் பெரிய தவறு. சென்ற வாரம் ஒரு மாணவி தன் நோட்டில், அப்பா சம்மதித்தால் தஞ்சோங் பியாய்க்கு வருவேன் என்னும் கருத்திலும், மழை தொடங்குமுன்பே அங்கே வந்துவிட்டிருந்தேன் என்னும் கருத்திலும், இரண்டு வாக்கியங்களிலும் 'ஐட் கம்' என்றே எழுதியிருந்தாள். ஒன்று பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தவித்தாள். இரண்டும் சரியே. முன்னதில் மறைந்திருப்பது 'வுட்', பின்னதில் 'ஹேட்'. பெரும்பாலும் பின்வரும் வினையே இதை நிர்ணயித்துவிடும்: 'ஐட் கோ' எனில் 'வுட்', 'ஐட் கான்' எனில் 'ஹேட்'. ஆனால் கம், புட், கட், ரன் போன்ற வினைகளுக்கு மூல வடிவமும் முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் வடிவமும் ஒன்றே ஆதலால், அங்கே முன்பின் வாக்கியங்களைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். 'யூட் பெட்டர்' என்பதை 'வுட்' என விரிப்போர் பலர். அங்கே இருப்பது 'ஹேட்'. 'ஷீஸ் ஃபினிஷ்ட்' என்பதோ, அவள் முடித்துவிட்டாள் என்றும் அவள் கதை முடிந்தது என்றும் இருபொருள் படும்.

இது ஆங்கிலத்துக்கே உரிய குறை என்று எண்ணுவது நம் இலக்கணத்தை மறப்பதாகும். 'குன்றேறாமா' என்பதைக் குன்று ஏறு ஆமா எனப் பிரித்தால் மலையேறும் காட்டுப்பசு. குன்று ஏறா மா எனப் பிரித்தால் மலையேறாத விலங்கு. எழுத்து ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபடும் இத்தகைய புணர்ச்சி ஒலிக்கும் இசையால் வேறுபடும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே வகுத்துவிட்டார். ஆங்கிலத்து 'ஐட்' என்பதற்கோ இசையின் துணையும் போதாது. இருவகையிலும் ஒலி ஒன்றே.

ஆயினும் ஓர் உபாயம் உண்டு. இச்சுருக்கம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக நிற்காது. 'யெஸ், ஐட்' என்று ஆங்கிலத்தில் எவரும் விடை சொல்லி நிறுத்துவதில்லை. ஆகையால் அந்த இரண்டு வாக்கியங்களையும் கேள்விக்கு விடையாக்கி, கடைசிச் சொல்லோடு நிறுத்தச் சொன்னேன். முதலாவதற்கு 'யெஸ், ஐ வுட்' என்றாள். இரண்டாவதற்குச் சற்றே யோசித்து, 'யெஸ், ஐ ஹேட்' என்றாள்.