வறண்ட சருமமும் ஃபவுண்டேஷனும்: மதியத்துக்கு மேல் முகத்தைப் பாருங்கள்

பூசி முடித்த ஐந்தாவது நிமிடத்தில் எந்த ஃபவுண்டேஷனும் அழகாகத்தான் இருக்கும். வறண்ட சருமக்காரர்கள் அந்த அழகை நம்பி முடிவெடுக்கக் கூடாது. காலை எட்டு மணிக்குப் பூசினால், மதியச் சாப்பாடு முடிந்து, ஏசி அறையில் பாதி நாள் கழிந்த பிறகு, ஜன்னலோரம் நின்று கைக்கண்ணாடியில் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும் செதில் எழும்பியிருக்கிறதா? புருவங்களுக்கு நடுவே கீறல் கீறலாகக் கோடு விழுந்திருக்கிறதா? சிரித்தால் வாயோர மடிப்பில் போய் அடைகிறதா? கன்னம் சாம்பல் பூத்திருக்கிறதா? இந்த நான்குக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதுதான் உங்களுக்கான பாட்டில். விலை, பிராண்டு, விளம்பரத்தில் வரும் நடிகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு ஊர் கோவை. மார்கழியிலும் தையிலும் காலைப் பனிக்காற்று பட்டாலே கன்னம் வெள்ளை பூக்கும், உதடு வெடிக்கும். வேலைக்குப் போன பிறகு அதோடு நாள் முழுக்க ஏசியும் சேர்ந்துகொண்டது. முகம் கழுவித் துடைத்ததும் தோலை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இறுக்கமாக இருக்கும். இந்த முகத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும், சொந்தபந்தக் கல்யாணங்களுக்கும் ஃபவுண்டேஷன் போட்டுப் பழகியவள் என்பதால், கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், நம் தோலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. வறண்ட சருமத்தில் இந்தக் காப்பு பலவீனமாக இருக்கும். எண்ணெய்ச் சுரப்பும் குறைவு. ஈரம் போகப் போக மேல் செல்கள் ஒழுங்காக உதிராமல் செதிலாக நிற்கும். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிந்தும், முகம் இறுக்கமாக இருந்தால் அது வேறு கதை. அங்கே எண்ணெய் இருக்கிறது, நீர்ச்சத்துதான் குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து எண்ணெய் பிசுக்கான கிரீமை அப்பிக்கொண்டால் பரு வந்ததுதான் மிச்சமாகும்.

லிக்விட் ஃபவுண்டேஷன் என்பது பெரும்பாலும் நீரும் சிலிக்கோனும் கலந்த ஒரு குழம்பு. அதில் நிறத்துக்காக இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும். முகத்தில் போட்டதும் நீரும், ஆவியாகக் கூடிய சிலிக்கோன்களும் சில நிமிடங்களில் பறந்துவிடுகின்றன. மிஞ்சுவது நிறமிகளும் அவற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய படலமும்தான். பாட்டிலில் இருக்கும்போது வழவழவென்று இருப்பதை வைத்து ‘இது ஈரமாக இருக்கும்’ என்று நம்ப முடியாதது அதனால்தான். எல்லாம் பறந்த பிறகு முகத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

கடைக்குப் போனால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் முதலில் எடுத்து நீட்டுவது மேட் வகையைத்தான். “மேடம், லாங் ஸ்டே, வாட்டர் ப்ரூஃப். நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் நல்லாப் போகுது” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. வேர்த்து வழியும் ஊரில், எண்ணெய் சருமக்காரர்களுக்கு அது நல்ல பொருள்தான். சிலிக்கா, கேயோலின், டால்க் போன்ற பொடிகள் அதில் கூடுதலாக இருக்கும். வழியும் எண்ணெயை உறிஞ்சுவது அவற்றின் வேலை. நம் முகத்தில் உறிஞ்ச எண்ணெய் ஏது? காலையில் தடவிய மாய்ஸ்சரைசரைத்தான் அவை உறிஞ்சும். மதியத்துக்குள் முகம் காய்ந்துவிடும்.

அதனால் பாட்டிலைவிட அது வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம்தான் எனக்கு முக்கியம். எழுத்து பொடியாக இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். சேர்மானங்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்கும்; ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். கிளிசரின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் வந்தால் நல்ல அறிகுறி. ஸ்குவாலேன், சோடியம் ஹயலூரோனேட் இருந்தால் சந்தோஷம். ஆனால் அவை கடைசியில் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் எழுதியிருந்தால், பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்ளச் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆல்கஹால் டீனேச்சர்டு’ மேலேயே இருந்தால் நான் வைத்துவிடுவேன். ட்ரைமெதில்சிலாக்ஸிசிலிகேட், ஐசோடோடெக்கேன் இரண்டும் சேர்ந்து மேல்வரிசையில் இருந்தால் அது இறுக்கமாகப் பிடித்து, நாள் முழுக்க அசையாமல் நிற்கும் வகை. அழுது தீர்க்கப் போகும் கல்யாணப் பெண்ணுக்கு அது உதவும். தினமும் அலுவலகம் போகும் வறண்ட முகத்துக்கு வேண்டாம்.

பெயர்களையும் கவனியுங்கள். மேபெலின் ஃபிட் மீ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ‘மேட் அண்ட் போர்லெஸ்’. அதே வரிசையில் ‘ட்யூவி அண்ட் ஸ்மூத்’ என்று இன்னொன்று இருக்கிறது. நமக்கு வேண்டியது அது. ட்யூவி, சாட்டின், ரேடியன்ட், ஹைட்ரேட்டிங், லூமினஸ் என்ற சொற்கள் இருக்கும் பக்கம் போய் நில்லுங்கள். இதிலும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு: பளபளக்கும் ட்யூவியைவிட சாட்டின். மைக்கா மினுமினுப்பு அதிகமுள்ள ட்யூவி வகை, செதில் இருக்கும் இடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கவரேஜ் என்று பார்த்தால் லைட் அல்லது மீடியம் போதும். ஃபுல் கவரேஜில் நிறமி அதிகம். நிறமி என்பதே ஒரு காய்ந்த பொடிதான். கரும்புள்ளி, மங்கு உள்ள இடத்தில் மட்டும் கன்சீலரைத் தொட்டு ஒற்றிவிட்டு, மற்ற இடத்தில் தோல் தெரிய விடுவதுதான் வறண்ட முகத்துக்கு அழகு.

எந்தப் பாட்டிலை வாங்கினாலும், அதைப் பூசுவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில்தான் எல்லாமே இருக்கிறது. குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம். அதன் காரத்தன்மை பிஹெச் அளவில் 9, 10 வரை போகும், நம் தோலோ ஏறக்குறைய 5. கடலை மாவு, பயத்த மாவு போட்டுத் தேய்ப்பதும் இருக்கும் கொஞ்சம் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போய்விடும். நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சரால் கழுவி, துண்டால் ஒற்றி, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கிளிசரினும் செராமைடும் உள்ள கிரீமாக இருக்கட்டும். மூக்கோரம், வாயோரம், புருவ நடுவில் இரண்டாவது முறை மெல்லத் தொட்டு வையுங்கள். ஐந்து நிமிடம் விட்டு சன்ஸ்கிரீன்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அத்தனை ஃபவுண்டேஷனை யாரும் முகத்தில் போடுவதில்லை.

சன்ஸ்கிரீன் படிய இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் தலைவாரி, பூ வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டால் கிரீமும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து அழுக்கு திரண்ட மாதிரி உருண்டு வரும். உருண்டு வந்தால் உடனே ஃபவுண்டேஷன்மேல் பழி போடாதீர்கள். கீழே போட்டவற்றில் ஏதோ ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் பிரைமரை விட்டுப் பாருங்கள், அடுத்த நாள் சன்ஸ்கிரீனை மாற்றிப் பாருங்கள். வறண்ட முகத்துக்குப் பிரைமர் கட்டாயம் இல்லை. நல்ல மாய்ஸ்சரைசரே அந்த வேலையைச் செய்துவிடும்.

பூசுவதில் என் வழி எளிமையானது. ஒரு பம்ப் புறங்கையில் எடுத்துக்கொள்வேன். விரல் சூட்டில் அது இளகும். கன்னத்தின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரப்பி, பிறகு நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுவேன். ஸ்பாஞ்ச் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் திட்டுத் திட்டாகும். காய்ந்திருந்தால் முகத்திலுள்ளதைக் குடித்துவிடும். பிரஷ்ஷால் இழுத்து இழுத்துத் தேய்ப்பது செதிலைக் கிளப்பிவிடும். ரொம்ப வறண்ட நாளில் புறங்கையில் உள்ள அந்த ஒரு பம்ப்போடு ஒரு சொட்டு ஸ்குவாலேன் கலப்பதுண்டு. பாட்டிலுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், மொத்தமும் பிரிந்து கெட்டுவிடும். பவுடர் மூக்கின் மேலும் நெற்றி நடுவிலும் மட்டும், அதுவும் பெயருக்கு. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் வேண்டவே வேண்டாம்.

மதியம் செதில் எழும்பினால் அதன்மேல் பவுடரையோ இன்னொரு சுற்று ஃபவுண்டேஷனையோ போடாதீர்கள். மோதிர விரலில் துளி மாய்ஸ்சரைசர் எடுத்து, அந்த இடத்தில் வைத்து, அழுத்தி, பத்து நொடி பிடித்து எடுங்கள். செதில் படிந்துவிடும், கலைந்த நிறமும் ஒன்று சேரும். வெறும் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால் ஏசி காற்றில் அது ஆவியாகி, முன்பைவிட இறுக்கும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாநிறத்திலும் கருப்பு நிறத்திலும் உள்ள நமக்கு, காய்ந்த செதில் வெளிச்சத்தைச் சிதறடித்து ஏற்கெனவே சாம்பலாகத் தெரியும். அதன்மேல் ஒரு ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷன் போட்டால், அதிலுள்ள வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடும் சேர்ந்து முகம் விபூதி பூசினாற்போல ஆகிவிடும். ‘ஒரு ஷேட் கலராக் காட்டும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் நிறம் திருத்த வேண்டிய ஒன்று கிடையாது. அதற்குப் பொருந்துகிற பாட்டிலைக் கண்டுபிடிப்பது மட்டுமே இங்கே வேலை. ஃபென்டி பியூட்டி 2017இல் 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் ஆழ்ந்த நிறங்களைக் கூட்ட ஆரம்பித்தன; இன்று தேடினால் கிடைக்கிறது. மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்குவது பயன்படாது. தாடை எலும்பிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றியும் கன்னத்தைவிடக் கருத்திருக்கும். அதனால் கழுத்தோடு சேர்வதுதான் சரியான ஷேட். சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் கருக்கும், அரை மணி நேரமாவது பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள். மேக் கடையில் ஒரு குழப்பம் வரும்: அங்கே என்சி என்பது மஞ்சள் சாயல் உள்ள தோலுக்கு, என்டபிள்யூ இளஞ்சிவப்புச் சாயலுக்கு. சி என்றால் கூல் என்று நினைத்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

என் சித்தி மகளின் கல்யாணத்தில் இதெல்லாமே ஒரே நாளில் சோதனைக்கு வந்தது. அவளுக்கும் என்னைப் போன்ற சருமம்தான். நலங்கு மாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கப் போனார்கள். நான்தான் பாலில் குழைக்கச் சொன்னேன். முகூர்த்தம் காலையில், ரிசப்ஷன் முதல் நாள் இரவே முடிந்திருந்தது, இடையில் தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. “அக்கா, நேத்து போட்டது சிரிச்சாலே வெடிக்குது, இன்னிக்கு லேசாப் போடச் சொல்லு” என்றாள். பார்லரிலிருந்து வந்த பெண் பொறுமைசாலி. மாய்ஸ்சரைசரைப் போட்டுவிட்டு, முகத்தை விட்டு, முதலில் ஜடையையும் பூச்சரத்தையும் முடித்தார். அந்த இருபது நிமிடத்தில் கிரீம் முழுக்க உள்ளே இறங்கியது. பிறகு மெல்லிய இரண்டு சுற்று. முதல் சுற்று படிந்த பிறகே இரண்டாவது, அதுவும் மூக்கைச் சுற்றியும் தாடையிலும் மட்டும். அக்னி முன்னால் உட்கார்ந்து, புகையில் கண் கலங்கி, பந்தி முடிந்து மறுவீடு கிளம்பும்வரை அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது.

இரவு ஃபவுண்டேஷனைக் கலைப்பதிலும் கவனம் வேண்டும். வைப்ஸால் தேய்த்துத் துடைத்தால் மறுநாள் செதில் நிச்சயம். கிளென்சிங் பாம் அல்லது எண்ணெயை உலர்ந்த முகத்தில் தடவி, இளக்கி, பிறகு மென்மையான கிளென்சரால் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயும் நன்றாகக் கலைக்கும். பரு வரும் முகத்துக்கு மட்டும் அது வேண்டாம். வாரம் ஒரு முறை லாக்டிக் அமிலம் உள்ள லோஷன் போட்டால் செதில் அடங்கும். கரகரவென்ற ஸ்கிரப் வேண்டாம், அதுவும் விசேஷத்துக்கு முந்தைய நாள் வேண்டவே வேண்டாம்.

புதுப் பாட்டிலை முகத்துக்குக் கொண்டுபோகும் முன் காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் தடவிப் பாருங்கள். மூடி திறந்த சின்னத்தில் 12 எம் என்று போட்டிருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியைப் பாட்டிலின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். இத்தனைக்கும் மேல், முகம் சிவந்து, அரித்து, தோல் உரிந்துகொண்டே இருந்தால் அது வறட்சி மட்டுமாக இருக்காது. எக்ஸிமாவாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். அப்போது ஃபவுண்டேஷனை எடுத்து வைத்துவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும்.