சத்தம் ஏன் பிந்தி வருகிறது?



1992-ல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்களுக்குப் பின், கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் வீட்டு ஸ்டூடியோவும் கம்ப்யூட்டர் இசையும் ஊரெல்லாம் பேச்சானது. ஆனால் ஸ்டூடியோவில் பதிந்ததைத் திரும்பத் திருத்தலாம். மேடையில் வாசிப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. கட்டையை அழுத்தினதும் சத்தம் வந்தாக வேண்டும். இடையில் விழும் தாமதத்துக்கு 'லேட்டன்சி' என்று பெயர்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

எங்க வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். இந்தப் பாடம் எனக்குப் புரிந்தது அந்த மெஷினை வைத்துத்தான். கோனிலிருந்து வரும் நூல் ஊசிக்குப் போகுமுன் ஃபீடர் சக்கரத்தில் சில சுற்று சேர்ந்திருக்கும். நூல் அறுந்தால், அந்தச் சுற்று தீருமுன் மெஷின் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் துணியில் ஓட்டை.

கம்ப்யூட்டரிலும் அப்படியொரு இருப்பு உண்டு. அதுதான் 'பஃபர்'. ஒரு செகண்டு ஒலியை 48,000 துண்டாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பஃபர் 1024 என்றால் 1024 ÷ 48,000 = 21.3 மில்லி செகண்டு. 256 என்றால் 5.3 மட்டுமே. ரொம்பக் குறைத்தால் இருப்பு தீர்ந்து 'கடக் கடக்' என்று சத்தம் கேட்கும். அதுதான் ஒலியில் விழும் ஓட்டை!

காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஆக 21.3 என்பது ஸ்பீக்கரை ஏழு மீட்டர் தள்ளி வைத்த மாதிரி.

என்ன செய்யலாம்?

என் நண்பன் ஒருவன் பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங், ராத்திரியில் நோம்பிக் கச்சேரிகளில் கீபோர்டு. பெரிய கீபோர்டு வாங்க வசதியில்லாமல் பழைய லேப்டாப்பில் வாசித்தான். சத்தம் பிந்தியது, தபேலாக்காரர் முறைத்தார். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுவார்களா என்பதே சந்தேகமாயிற்று. காசு செலவில்லாமல் நாங்கள் செய்தவை:

1. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல் தந்த 'ஆசியோ' முறையில் இயங்கும் டிரைவரைப் போட்டோம். விண்டோஸின் சுற்றுவழி குறைந்தது.
2. பஃபரை 1024, 512, 256 எனப் படிப்படியாக இறக்கினோம். 128-ல் கரகரத்தது. 256-லேயே நிறுத்தினோம்.
3. வைஃபையையும் கரண்டு மிச்சப்படுத்தும் செட்டிங்கையும் அணைத்தோம்.
4. புளூடூத் ஸ்பீக்கரை விட்டு வயர் மாட்டினோம். புளூடூத்தில் தாமதம் 100 மில்லி செகண்டையே தாண்டலாம்.

இப்போது தாளத்தோடு சேர்ந்து வாசிக்கிறான். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'ஜாக்' என்ற இலவச சாஃப்ட்வேர் உண்டு. நேரம் தவறாமல் இயங்கும் 'ரியல் டைம்' வசதியும் 2024-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

புரோகிராம் எழுதுவோர் கவனிக்க

ஒலியை நிரப்பும் பகுதியில் டிஸ்க்கைப் படிப்பது, புதிதாக மெமரி கேட்பது, பூட்டுக்காகக் காத்திருப்பது கூடவே கூடாது. மெஷின் ஓட்டுபவர் கோன் எடுக்க குடோனுக்குப் போகலாமா? அதற்கு ஹெல்பர் இருக்கிறார். அந்த வேலைகளை வேறொரு 'திரெட்'டிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

முடிவுரை

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் இருந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். முதலில் தாமதம் எங்கே என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிப்ளமோ படிப்பு நமக்குக் கொடுத்திருப்பது அந்தக் கணக்கைத்தான்.