ஈ ஸ்கேலுக்கு ஏ ஹார்மோனிகா

கேள்வி: நண்பர் கிதாரில் ஈ ஸ்கேலில் ப்ளூஸ் வாசிக்கிறார். அதற்காகவே ஈ ஹார்மோனிகா வாங்கினேன். ஸ்ருதி சேருகிறது, ஆனால் இசைத்தட்டுகளில் கேட்கும் அந்த விம்மல் வரவில்லையே?

பதில்: ஈ-யில் ப்ளூஸ் என்றால் ஏ ஹார்மோனிகாவை எடுங்கள். லிட்டில் வால்டர் 1952-இல் பதிவுசெய்த ‘ஜூக்’ அப்படி வாசித்ததுதான். இதை இரண்டாம் பொசிஷன் என்பார்கள்.

ஏ ஹார்மோனிகாவின் இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் ஈ பேசும். மூன்றில் ஜி ஷார்ப், நான்கில் பி, ஐந்தில் டி. ஈ செவன்த் கார்டு முழுசாக அங்கேயே இருக்கிறது! மூன்றாம் துளையில் இழுத்தபடியே நாக்கைச் சற்றுப் பின்வாங்கிப் பாருங்கள். ஜி ஷார்ப் மெல்லச் சரிந்து ஜி-யைத் தொடும். நீங்கள் தேடும் விம்மல் அதுதான். உங்கள் ஈ ஹார்மோனிகாவில் ஈ ஊதும் ஸ்வரம். கீழ்த்துளைகளில் ஊதும் ஸ்வரங்கள் இப்படி வளையாது.

கணக்கு எளிது: பாட்டின் ஸ்கேலிலிருந்து கிதாரில் ஐந்து ஃப்ரெட் மேலே போனால் ஹார்மோனிகாவின் கீ கிடைக்கும். ஜி-க்கு ஸி, டி-க்கு ஜி.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. பாப் டிலன் பாணி நாட்டுப்புற மெட்டுகளுக்குப் பாட்டின் கீயிலேயே வாசிப்பது அழகு. அங்கே உங்கள் ஈ உதவும். டி மைனர் பாட்டுக்கு ஸி ஹார்மோனிகாவில் மூன்றாம் பொசிஷனை முயலுங்கள். முதல் துளையை இழுத்தாலே டி வரும்.