நாள் குறித்தவர்கள்

(பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு)

இன்று வீட்டுக்கு வீடு காலண்டர் தொங்குகிறது. ஆனால் எந்த நாளில் எந்த விழா என்பதை ஒரு சிலர் மட்டுமே அறிந்திருந்த காலமும் உண்டு. பண்டைய ரோமாபுரி அதற்குச் சான்று.

அங்கே ‘போன்டிபெக்ஸ்’ எனப்பட்ட குருமார் நாட்கணக்கைத் தம் கையில் வைத்திருந்தனர். பிறை கண்டதும் மக்களைக் குன்றின்மேல் கூவி அழைத்து மாதப் பிறப்பை அறிவிப்பர். ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ மீண்டும் கூட்டி அம்மாத விழாக்களைச் சொல்வர். கூவுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே ‘காலண்டர்’ என்பதற்கு வேராகும். பிப்ரவரி 15இல் லூப்பர்காலியா, ஜூன் 9இல் வெஸ்டா தேவி விழா, டிசம்பர் 17இல் சாட்டர்னாலியா என விழாக்கள் பல. வழக்கு நடத்தத் தகும் நாள் எது என்பதையும் குருமாரிடமே கேட்டறிய வேண்டும்.

கி.மு. 304இல் பிளேவியஸ் என்பவர் நாட்பட்டியலை வெள்ளைப் பலகையில் எழுதிப் பொதுமன்றத்தில் வைத்தார். அவர் விடுதலை பெற்ற அடிமையின் மகன். எழுத்தர் வேலையிலிருந்து உயர்ந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் இப்பெயர் என் நெஞ்சில் நிற்கிறது.

எனினும் ஒரு குறை தொடர்ந்தது. அவர்களுடைய ஆண்டுக்கு 355 நாட்களே. பருவத்தோடு ஒட்டிச்செல்ல இடையில் ஒரு மாதம் சேர்க்க வேண்டும். அந்த உரிமை குருமாருக்கே உரியது. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டினர், வேண்டாதவராயின் குறுக்கினர். தலைமைக் குருவாகவும் இருந்த ஜூலியஸ் சீசர், கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாட்களாக்கிப் பிழையைத் தீர்த்தார். மறு ஆண்டு முதல் 365 நாள் ஆண்டும், லீப் நாளும் வந்தன.

தாயில்பட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தீபாவளிதான்! அது தேய்பிறைச் சதுர்த்தசிக் கணக்கில் வருவது. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாட்கள். ஆகவே 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என முந்திக்கொண்டே வந்தது. அதிக மாதம் வரும் 2026இல் நவம்பர் 8; இடைவெளி 384 நாட்கள். நம் அதிக மாதம் எவர் விருப்பத்தாலும் வருவதன்று. சூரிய சந்திரக் கணக்கால் வருவது.

பட்டாசு ஆலைத் தொழிலாளியான என் தாய் காலண்டரில் முதலில் தேடுவது தீபாவளியைத்தான். பண்டிகை முந்தினால் சரக்கு முடிக்க நாள் போதாது; மருந்து செலுத்தும் அறையிலோ அவசரம் ஆபத்து. பிந்தினால் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். வெயில் இல்லையேல் சரக்கு காயாது, கூலியும் குறையும்.

பிளேவியஸ் வைத்த பலகையை இன்று சிவகாசி அச்சகங்கள் இலட்சக்கணக்கில் அச்சிடுகின்றன. தேதி எல்லார்க்கும் கிடைத்துவிட்டது. அதன் பின்னுள்ள கணக்கையும் எல்லார்க்கும் உரியதாக்குவது, அறிவியல் பயிலும் நம் கடமையன்றோ?